நாலு பாட்டு போதும்: மிக்ஸிங் இன்ஜினியரின் போர்ட்ஃபோலியோ

சொந்தமாக மிக்ஸிங் வேலை தேட இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் லோகோ வரைகிறார்கள். அப்புறம் விசிட்டிங் கார்டு. அறைச் சுவரில் ஃபோம் ஒட்டி, நீல விளக்கு போட்டு, படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறார்கள். பாட்டைக் கொடுக்க நினைப்பவர் இதில் எதையும் பார்த்து முடிவு செய்வதில்லை. "என் பாட்டை இவரிடம் கொடுத்தால் எப்படி வரும்?" என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும். அதையும் அவர் நல்ல ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து கேட்கப் போவதில்லை. பேருந்தில் போகும்போது போனில் கேட்பார். பிடிக்கவில்லை என்றால் முதல் இருபது நொடியில் மூடிவிடுவார்.

எனவே இந்த அத்தியாயம் அந்தச் சில ஒலிக்கோப்புகளைப் பற்றியது. நாலு இருந்தால் போதும். இருபது வைத்தால் அவர் கேட்பது எது என்று உங்களுக்குத் தெரியாது. அது உங்களுடைய சுமாரான வேலையாகவும் இருக்கலாம்.

யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"எல்லா வகையும் செய்வேன்" என்பவரை யாரும் குறிப்பாகத் தேடி வருவதில்லை. தமிழ்நாட்டில் தனியாக வேலை செய்யும் மிக்ஸிங் இன்ஜினியருக்கு வேலை தரக்கூடியவர்கள் ஏறத்தாழ நாலு வகை. ஒவ்வொருவரும் காது வைத்துக் கேட்பது வேறு வேறு இடத்தில்.

1. தனிப்பாடல் வெளியிடும் பாடகர், இசையமைப்பாளர். தன் குரல் முன்னால் நிற்கிறதா என்று கேட்பார். சினிமாப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் சோனியாகத் தெரியக் கூடாது என்பது அவர் கவலை.

2. பக்திப் பாடல் தயாரிப்பவர். ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும். இந்தப் பாட்டு கடைசியில் கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில்தான் ஒலிக்கும். அதில் பேஸ் வராது. நடு அலைவரிசைதான் கத்தும். அதைத் தாங்கும் மிக்ஸ் உங்களிடம் இருந்தால், அதுவே உங்களுக்கான விளம்பரம்.

3. குறும்படம், ஆவணப்படம் எடுப்பவர். அவருக்கு வேண்டியது வசனம். மின்விசிறி, ஏசி, தெரு வண்டி, காக்கை எல்லாம் கலந்த லைவ் சவுண்டிலிருந்து பேச்சை மீட்டுத் தர முடியுமா என்று பார்ப்பார்.

4. கச்சேரி ஒலிப்பதிவு வைத்திருப்பவர். சபாவில் பதிவான பல ட்ராக்குகளில் பாடகரின் மைக்கில் மிருதங்கமும் வயலினும் சேர்ந்தே ஏறியிருக்கும். மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆனால் தனி ஆவர்த்தனம் வரும்வரை அது பாட்டை அமுக்கக் கூடாது. இந்த வேலைக்குக் காது பழகியவர்கள் குறைவு.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாலு மாதிரியில் மூன்று அந்த வகையில் இருக்கட்டும். மீதி ஒன்று அதற்குப் பக்கத்து வகையில். பக்திப் பாடல் உங்கள் முதன்மை என்றால் நாலாவது ஒரு கச்சேரிப் பதிவாக இருக்கலாம். டெக்னோ வேண்டாம்.

கச்சா ட்ராக் எங்கே கிடைக்கும்?

முதலில் பழகுவதற்கு: மைக் சீனியர் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் நடத்தும் கேம்பிரிட்ஜ் மியூசிக் டெக்னாலஜி தளத்தில் நூற்றுக்கணக்கான பாடல்களின் தனித்தனி ட்ராக்குகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிறிய ஸ்டுடியோக்களுக்கான மிக்ஸிங் பற்றி அவர் எழுதிய புத்தகத்தோடு சேர்ந்த தொகுப்பு அது. ஆனால் அவை கற்பதற்காகத் தரப்பட்டவை. வேலை பிடிக்கப் பயன்படுத்த வேண்டுமானால் அந்தந்தப் பாட்டின் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதோடு, உங்களைப் போலவே பலர் அதே பாட்டை மிக்ஸ் செய்து போட்டிருப்பார்கள். கைப் பழக்கத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், காட்சிக்கு வைக்காதீர்கள்.

காட்சிக்கு வைக்கும் வேலைக்கு உங்கள் ஊரில் பாடுகிறவர்தான் சரி. வரிசை இப்படி இருக்கட்டும்:

1. உங்களுக்குப் பிடித்த, இன்னும் பெரிதாக அறியப்படாத மூன்று பாடகர்கள் அல்லது இயக்குநர்களின் பெயரை எழுதுங்கள். நன்றாகப் பாடுகிறவராக இருக்க வேண்டும். மோசமான டேக்கை எந்த பிளக்-இன்னும் நல்ல பாட்டாக்காது. கேட்பவருக்கோ அது பாடகரின் குறையா, மிக்ஸின் குறையா என்று தெரியாது.

2. ஒரே ஒரு பாட்டை மட்டும் கட்டணமின்றி மிக்ஸ் செய்து தருவதாகச் சொல்லுங்கள். பதிலுக்கு உங்களுக்கு வேண்டியது மூன்று: ஒரு பகுதியை மாதிரியாக வைக்க அனுமதி, பாட்டு வெளியாகும்போது பெயர், அவர் வைத்திருக்கும் ரஃப் மிக்ஸ்.

3. எத்தனை முறை திருத்தம் என்பதை அப்போதே பேசிவிடுங்கள். இரண்டு போதும். இலவச வேலைக்குத்தான் திருத்தம் முடிவில்லாமல் வரும்.

4. ட்ராக்குகளை 24 பிட் வேவ் கோப்புகளாக, எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, கேளுங்கள். படத்துக்கான வேலை என்றால் 48 கிலோஹெர்ட்ஸ். எம்பி3-யில் வந்தால் மாதிரிக்கு எடுக்காதீர்கள்.

சினிமாப் பாட்டுகளின் ஸ்டெம் என்று டெலிகிராமில் சுற்றுவதை எடுத்து மிக்ஸ் செய்து காட்டுவது பலர் செய்யும் வேலை. அதில் இரண்டு ஆபத்து. ஒன்று, உரிமை உங்களுடையதல்ல. இரண்டு, மென்பொருள் கொண்டு பிரித்த ஸ்டெமில் ஏற்கெனவே ஒருவர் செய்த மிக்ஸ்தான் இருக்கிறது. அந்த ரிவெர்ப், அந்த கம்ப்ரஷன் எல்லாம் அவருடையவை. விவரம் தெரிந்த இசையமைப்பாளர் ஐந்து நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

அனுமதி: எழுத்தில் வாங்குங்கள்

மிக்ஸ் செய்தவர் நாமாக இருந்தாலும் அந்த ஒலிப்பதிவு நம்முடையதாகாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு. மெட்டும் வரியும் தனித்தனி உரிமைகள். பாடியவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. சிறிய தனிப்பாடலில் இவர்கள் எல்லோரும் ஒரே ஆளாக இருப்பார்கள். அதனால் ஒரு செய்தி போதும். ஆல்பம், குறும்படம் என்றால் பணம் போட்டவரிடம் கேளுங்கள். பாடகி "போட்டுக்கோங்க" என்று சொன்னது தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்தாது.

வக்கீல் நடையில் எழுத வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டால் போதும்:

"அக்கா, உங்க பாட்டுல பல்லவியிலிருந்து ஒரு 30 நொடியை, என்கிட்ட புதுசா வர்றவங்களுக்கு மாதிரியா கேட்கக் கொடுக்கலாமா? அதுக்கு முன்னாடி நீங்க அனுப்பின ரஃப் மிக்ஸ் 10 நொடி வரும். பாட்டு வெளியான பிறகுதான் போடுவேன். உங்க பேரும் பாட்டு லிங்க்கும் கூடவே இருக்கும். வேண்டாம்னு எப்ப சொன்னாலும் எடுத்துடுவேன். சரின்னா 'சம்மதம்'னு ஒரு வரி அனுப்புங்க."

பதில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் பாட்டின் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள். போன் மாறினால் சாட் போய்விடும்.

கவனிக்க: அந்தச் செய்தியில் ரஃப் மிக்ஸ் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். சுருதி திருத்தாத தன் குரல் ஊர் முழுக்கக் கேட்பதை எந்தப் பாடகரும் விரும்ப மாட்டார். மிக்ஸுக்குச் சம்மதித்தவர் 'முன்' வடிவத்துக்கும் சம்மதித்தார் என்று நினைத்துப் போட்டுவிட்டால், அந்த ஒரு கோபத்தில் அவர் வட்டத்திலிருந்து வரக்கூடிய எல்லா வேலையும் போகும். அவர் தயங்கினால் சுருதி திருத்திய குரலையே 'முன்' பகுதியிலும் வையுங்கள். நீங்கள் காட்ட வேண்டியது உங்கள் மிக்ஸை. அவருடைய பிசகை அல்ல.

மிக்ஸ் முடிந்தது என்று எப்போது சொல்லலாம்?

மிக்ஸ் செய்வது பற்றி முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். மாதிரிக்கு வைக்கும் முன் நாலு சோதனை மட்டும்:

1. மோனோ. மாஸ்டர் சேனலை மோனோவாக்கிக் கேளுங்கள். அகலமாக விரித்த சின்த்தோ கோரஸோ காணாமல் போனால் திரும்பிப் போய்ச் சரிசெய்யுங்கள்.

2. போன் ஸ்பீக்கர். அதில் பேஸ் கிதாரின் அடி ஒலி வராது. ஆனாலும் பேஸ் வாசிக்கும் மெட்டு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பேஸில் மேல் ஒலிகள் போதவில்லை. கொஞ்சம் சாச்சுரேஷன் கொடுங்கள்.

3. மெதுவான ஒலி. பக்கத்து அறைக்குக் கேட்காத அளவுக்குக் குறையுங்கள். முதலில் மறைவது எதுவோ அதுதான் அடங்கிக் கிடக்கிறது. வரிகள் மறைந்தால் பக்திப் பாடலுக்கு அந்த மிக்ஸ் ஆகாது.

4. ஸகர ஒலி. ஸ, ஷ, ச வரும் சொற்களைத் தனியாகக் கேளுங்கள். ஏறத்தாழ 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை சீறும். மலிவான இயர்போனில் அது காதைக் குத்தும். உங்கள் கிளையன்ட் கேட்பது அதில்தான்.

முன்-பின் கோப்பு: ஒரே உரப்பில்

போர்ட்ஃபோலியோவில் ஆளைத் திருப்பும் பகுதி இதுதான். நிறையப் பேர் கோட்டை விடுவதும் இங்கேதான்.

மனிதக் காதுக்கு ஒரு வினோதப் பழக்கம்: உரக்கக் கேட்பது நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒரே மிக்ஸை ஒரு டெசிபல் கூட்டி வைத்தாலே இரண்டாவது மேல் என்பார்கள். அதனால் பலர் 'முன்' வடிவத்தை மெதுவாகவும் 'பின்' வடிவத்தைக் கத்தவிட்டும் காட்டுகிறார்கள். பாடகர் ஏமாறலாம், இசையமைப்பாளர் ஏமாற மாட்டார், தன் பக்கம் ஒலியைக் கூட்டிக் குறைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார். இரண்டும் ஒரே உரப்பில் இருக்கும்போதே உங்கள் மிக்ஸ் தெளிவாக மேலே நின்றால், அதை மறுக்க யாருக்கும் வழியில்லை.

செய்முறை, ரீப்பர் மென்பொருளில் (வேறு எதிலும் இதே வரிசைதான், ரீப்பரை 60 நாள் கட்டணமின்றிச் சோதிக்கலாம் என்பதால் இதைச் சொல்கிறேன்):

1. புதிய ப்ராஜெக்ட் திறந்து, ரஃப் மிக்ஸை ஒரு ட்ராக்கிலும் முடித்த மிக்ஸை இன்னொன்றிலும் வையுங்கள். தாளம் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும்.

2. மாஸ்டரில் உரப்பு மீட்டர் போடுங்கள். யூலீன் மீட்டரின் இலவசப் பதிப்பு போதும். நாம் பார்க்க வேண்டிய எண் 'இன்டெக்ரேட்டட்', அலகு எல்.யு.எஃப்.எஸ்.

3. மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் இரண்டு வடிவத்திலும் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ரஃப் -24, உங்கள் மிக்ஸ் -13 என்று வருவதாக வைத்துக்கொள்வோம்.

4. ரஃப் மிக்ஸை அதன் உச்சம் -1 டெசிபலைத் தொடும்வரை கூட்டுங்கள். அது -20 வரை வந்து நின்றுவிட்டால், லிமிட்டர் போட்டு மேலும் தள்ளாதீர்கள். அப்புறம் அது அவர் அனுப்பிய ரஃப் அல்ல.

5. உங்கள் மிக்ஸை அதே -20க்கு இறக்குங்கள். வித்தியாசம் அரை டெசிபலுக்குள் இருக்கட்டும்.

6. பத்து நொடி ரஃப், தாளக் கணக்கு உடையாமல் அப்படியே மிக்ஸுக்கு மாற்றம், அப்புறம் முப்பது நொடி. நடுவில் 'விஷ்' சத்தமோ, "இப்போது கேளுங்கள்" என்ற குரலோ வேண்டாம். வீடியோவாகப் போட்டால் திரையில் 'முன்', 'பின்' என்ற எழுத்து போதும்.

7. 24 பிட் வேவ் ஒன்று, 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்று எடுத்து வையுங்கள்.

இந்தக் கோப்பு மெதுவாகத்தான் இருக்கும். பரவாயில்லை. மாஸ்டர் செய்த முழுப் பாட்டின் லிங்க்கைக் கீழே தனியாகக் கொடுங்கள். அதையும் நசுக்கி -7க்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை. ஸ்பாட்டிஃபை, யூட்யூப் இரண்டும் மிக உரத்த பாட்டைத் தாங்களே ஏறத்தாழ -14க்கு இறக்கிவிடும்.

எந்த இடத்தை வெட்டுவது? முன்னிசையிலிருந்து தொடங்காதீர்கள். குரல் நுழையும் இடம், அதாவது பல்லவியின் முதல் வரி, அல்லது இடையிசை முடிந்து சரணம் எடுக்கும் திருப்பம். படம் என்றால் சத்தமான தெருவில் இருவர் பேசும் காட்சி. அதில் இரைச்சலை ஒரேயடியாகத் துடைத்துவிடாதீர்கள். தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல ஆகிவிடும். கொஞ்சம் தெரு மிச்சம் இருந்தால்தான் தெருவில் பேசுகிறார்கள் என்று நம்புவோம்.

'முன்' வடிவத்தை வேண்டுமென்றே கெடுக்கவும் கூடாது. ரஃப் மிக்ஸ் செய்தவர் அதைக் கேட்கப்போகிறார்.

கூடவே என்ன எழுதுவது?

ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று வரி: வந்த நிலை, செய்தது, உங்கள் பங்கு. எடுத்துக்காட்டாக:

"வீட்டு அறையில் பதிவான குரல், அறை எதிரொலி அதிகம், தவில் இரண்டு மைக்கில். எதிரொலியைக் குறைத்து, நாதஸ்வரத்தின் கூர்மையை மட்டுப்படுத்தி, வரிகளை முன்னால் கொண்டுவந்தேன். மிக்ஸிங் நான், ஒலிப்பதிவும் மாஸ்டரிங்கும் வேறொருவர்."

கடைசி வரி முக்கியம். மாஸ்டரிங் செய்தவரின் வேலையை உங்களுடையதாகக் காட்டினால் ஒருநாள் தெரிந்துவிடும்; இந்தத் துறை சின்னது. எந்த பிளக்-இன், எந்த மாடல் ஹெட்ஃபோன் என்ற பட்டியல் வேண்டாம். அது நம்மைப் போன்றவர்களுக்குத்தான் சுவாரசியம்.

பெயர் போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. ஏ.ஆர். ரஹ்மானின் ஆல்பங்களின் உறையில் வாத்தியக்காரர்கள், இன்ஜினியர்களின் பெயர் அச்சானதால்தான் எச். ஸ்ரீதர் என்ற பெயர் சாதாரண ரசிகர்களுக்கும் பழகியது. இன்று உறை இல்லை. யூட்யூப் விவரப் பகுதியில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி, பாட்டு வெளியாகும் முன்பே, எழுத்துப் பிழையில்லாமல் நீங்களே தட்டி அனுப்பிவிடுங்கள். வெளியான பிறகு கேட்டால் "அப்புறம் போடறேன்" என்பார்கள். அந்த அப்புறம் வராது.

எங்கே வைப்பது, எப்படி அனுப்புவது?

தனி வெப்சைட் இப்போதைக்கு வேண்டாம். லாகின் கேட்காமல், விளம்பரம் குறுக்கிடாமல், தொட்டவுடன் ஒலிக்கும் ஒரே பக்கம் போதும். சிறந்ததை முதலில் வையுங்கள். நாலு மாதிரி, உங்கள் பெயர், ஊர், வாட்ஸ்அப் எண், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்ற விவரம். வேறெதுவும் வேண்டாம். பழைய பாட்டின் கவர் வெர்ஷனை யூட்யூபில் மாதிரியாக ஏற்றினால் உரிமைக் கோரல் வந்து வீடியோ முடங்கலாம். அதை நம்பிப் பக்கத்தைக் கட்டாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்பினால் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். அப்போதுதான் கோப்பு மாறாமல் போகும். உங்கள் மிக்ஸை இன்னொரு போனில் ஓடவிட்டு வாய்ஸ் நோட்டாகப் பதிந்து அனுப்புவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

முதல் செய்தி சுருக்கமாக:

"வணக்கம் சார். உங்க போன முருகன் பாட்டு கேட்டேன், சரணத்துல அந்தக் கோரஸ் ரொம்பப் பிடிச்சது. நான் பக்திப் பாடல்கள் மிக்ஸ் பண்றேன். ஒரு 40 நொடி மாதிரி இந்த லிங்க்ல இருக்கு. அடுத்த பாட்டுக்கு ஆள் தேவைப்பட்டா சொல்லுங்க."

நாலு லிங்க்கையும் கொட்டாதீர்கள். அவருடைய வகைக்குப் பொருந்துகிற ஒன்றை மட்டும் கொடுங்கள். "உங்கள் பழைய பாட்டின் மிக்ஸ் சரியில்லை, நான் சரிசெய்து தருகிறேன்" என்று ஆரம்பிக்கவே கூடாது. அதை மிக்ஸ் செய்தது அவரே, அல்லது அவர் மச்சானாக இருக்கும்.

பாதுகாப்பு

காது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது தொழில் சுகாதாரத்தில் சொல்லப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 94 என்றால் 1 மணி. ஹெட்ஃபோனில் இரவெல்லாம் வேலை செய்கிறவர்கள் இதைத் தாண்டுவது தெரியாமலே தாண்டுகிறார்கள். வேலை தொடங்கும்போது வால்யூம் குமிழில் ஒரு டேப் துண்டால் அடையாளம் வையுங்கள். அதைத் தாண்டிக் கூட்ட வேண்டும் என்று தோன்றினால் காது களைத்துவிட்டது என்று பொருள். எழுந்து போய்விடுங்கள். வேலை முடிந்தும் காதில் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தால், காது மருத்துவரைப் பாருங்கள்.

வெளியாகாத பாட்டு. கிளையன்டின் ட்ராக்குகளை லிங்க் வைத்திருக்கும் எவரும் திறக்கும்படி வைக்காதீர்கள். வெளியீட்டுக்கு முன் ஸ்டேட்டஸில் ஐந்து நொடிகூடப் போடக் கூடாது.

நகல். ட்ராக்குகள், ப்ராஜெக்ட், அனுமதி ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. ஆறு மாதம் கழித்து "மைனஸ் ட்ராக் வேணும்" என்று போன் வரும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ஒரே பாடகரின் நாலு பாட்டு. அவருடைய சொந்தக்காரர் என்று நினைப்பார்கள்.
- மூன்று வருடத்துக்கு முந்தைய வேலையைப் பாசத்தால் எடுக்காமல் வைத்திருப்பது. புதிதாக ஒன்று தேறினால், நாலில் பலவீனமானதை எடுத்துவிடுங்கள்.
- இலவச மிக்ஸை இரண்டாவது முறையும் இலவசமாகச் செய்வது. முதல் பாட்டோடு கணக்கு முடிந்தது. அடுத்ததற்குத் தொகையைச் சொல்லி, பாதியை முன்பணமாக வாங்குங்கள்.
- லிங்க்கை அனுப்பும் முன் வேறு ஒருவர் போனில் திறந்து பார்க்காதது. உங்கள் போனில் திறக்கும். அவருக்கு அனுமதி கேட்டு நிற்கும்.

இந்த வாரமே மூன்று பேருக்கு எழுதிக் கேளுங்கள். கச்சா ட்ராக் கைக்கு வந்து சேர நாளாகும். லோகோவை அந்த இடைவெளியில் வரைந்துகொள்ளலாம்.